கை எங்கே இருந்தது?

கால்பந்தில் ஊரே சேர்ந்து தீர்ப்புச் சொல்லும் குற்றம் ஒன்று உண்டென்றால் அது ஹேண்ட்பால்தான். ஆஃப்சைடு எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. புரிந்தவர்களுக்கும் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. தள்ளுவது, இடறுவது எல்லாம் கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பந்து எவன் கையையாவது உரசிவிட்டால் போதும், "கை! கை! சார், கையி!" என்று நாலு பக்கமும் எழுந்து நின்றுவிடுவார்கள். மைக் செட்டில் வர்ணனை சொல்லும் தம்பி, நான் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பெனால்டியே கொடுத்துவிடுவான்.

செந்துறை வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்துகொண்டு, பள்ளிக்கூடப் போட்டிகளுக்கும் ஊர் டோர்னமென்ட்டுகளுக்கும் விசில் ஊதி வருகிறேன். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று ஒரு பக்கம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பொன்பரப்பி, இரும்புலிக்குறிச்சி, ஆர்.எஸ். மாத்தூர் என்று சுற்றியுள்ள ஊர்களில் பையன்களே வசூல் செய்து நடத்தும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் இன்னொரு பக்கம். முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் தரை, சவுக்குக் கம்பில் கோல் போஸ்ட். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி லாரியாகப் போகிற மாவட்டம் இது. இருந்தும் பெனால்டி ஏரியாவுக்குப் போட்ட வெள்ளைக் கோடு மட்டும் இரண்டாம் பாதிக்கு மிஞ்சாது. கைபட்டது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற சண்டை வந்தால், அழிந்த கோட்டை மனசுக்குள் மறுபடி போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கோட்டின் மேலேயே பட்டாலும் அது உள்ளேதான், பெனால்டிதான். இதை டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிடுவேன். பிறகு சொன்னால் கேட்கமாட்டார்கள்.

கைபட்டதும் எல்லாரும் கேட்பது "பட்டுச்சா, படலயா?" என்பதைத்தான். நான் விசில் ஊத ஆரம்பித்த காலத்தில் மூத்த நடுவர்கள் அதைத் திருத்திச் சொல்லிக் கொடுத்தார்கள்: பந்து கைக்கு வந்ததா, கை பந்துக்குப் போனதா என்று பார். பந்து தானாக வந்து பட்டால் விட்டுவிடு, கை தேடிப் போனால் ஊது. ரொம்பக் காலம் இதுவே வேதமாக இருந்தது. இன்றைக்கும் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னோடு வாதம் செய்ய வந்தால் இந்த வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். தப்பில்லை, ஆனால் பாதிதான். பந்து கைக்கு வந்த இடத்தில் அந்தக் கைக்கு என்ன வேலை என்ற கேள்வி அதில் விட்டுப் போய்விடுகிறது.

எங்கள் வட்டாரத்தில் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவே முடியாது. இங்கே கால்பந்து ஆடுகிற பையன்கள் பலரும் முதலில் கபடிக்காரர்கள், இல்லாவிட்டால் வாலிபால்காரர்கள். கபடியில் கார்னர் நிற்கிறவனுக்குக் கையை அகட்டி, முழங்காலை மடக்கி, ரைடரை வளைத்து நிற்பது ரத்தத்தில் ஊறியது. அவனை ஸ்டாப்பர் பேக்காக நிறுத்தினால் எதிராளி பந்தோடு வரும்போதும் அப்படியேதான் நிற்பான். வாலிபால்காரனை ஃப்ரீகிக் சுவரில் நிறுத்தினால் உதைத்த சத்தம் கேட்டதுமே இரண்டு கையும் மேலே போகும். வலைக்கு எதிரே பிளாக் போட்ட பழக்கம். சுவரில் நிற்கிறோம் என்பது கீழே இறங்கிய பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வரும்.

ஒரு பொங்கல் செவன்ஸ் அரையிறுதியில் அப்படி ஒரு கபடி கார்னர் ஸ்டாப்பராக ஆடினான். நல்ல திடகாத்திரமான பையன். எதிரணி ஃபார்வர்ட் வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி உதைத்தான். பந்து இவன் இடது முன்கையில் பட்டு வெளியே போனது. கை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது, உள்ளங்கை முன்னால் பார்த்தபடி. ஊதினேன். ஓடி வந்தான்.

"சார், நான் கைய அசைக்கவே இல்ல சார். சத்தியமா."

"அசைக்கலதான்டா தம்பி. அது முன்னாடியே அங்கதான நின்னுச்சு?"

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. பெனால்டிக்குக் காரணமும் அதுவேதான். கையை அகட்டி வைத்து உடம்பின் அகலத்தைக் கூட்டிக்கொண்டு நின்றால், பந்து அதில் பட்டுவிடும் என்ற ஆபத்தை அவனே ஏற்றுக்கொள்கிறான் என்று விதி சொல்கிறது. வேண்டுமென்று செய்தானா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வெளியே இருந்த அவன் மாமா ஒருவர் மட்டும் ஆட்டம் முடிகிற வரை என்னை விடவில்லை. "கபடி வெளயாட்ற பையன் கைய விரிக்காம என்னத்த விரிப்பான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. அவனுக்கு அது இயல்புதான். ஆனால் விதி அவனுடைய பழக்கத்தைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவன் செய்த அசைவுக்கு, ஓடியதற்கோ திரும்பியதற்கோ குதித்ததற்கோ, கை அங்கே இருக்கவேண்டிய தேவை இருந்ததா என்றுதான் கேட்கிறது. அவன் அசையாமல் நின்றிருந்தான். நிற்பதற்குக் கையை அகட்ட வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழுத்தில் கொண்டுவரத்தான் விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. படாத பாடு பட்டது. 2019-ல் ஹேண்ட்பால் பகுதியையே விரித்து எழுதினார்கள். தோளுக்கு மேலே கை போனால் பெரும்பாலும் குற்றம், விழும்போது தரையில் ஊன்றிய கையில் பட்டால் பெரும்பாலும் குற்றமில்லை, தன் காலிலோ தலையிலோ பட்டுத் தன் கைக்கே வந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம் என்று நீண்ட பட்டியல். அதோடு, தாக்கும் அணியில் யார் கையில் தற்செயலாகப் பட்டு கோல் விழுந்தாலும் கோல் கிடையாது என்றார்கள். பட்டியல் போட்டால் சண்டை குறையும் என்று நினைத்தார்கள் போல. கூடியது. 2021-ல் பட்டியலைச் சுருக்கி, பொறுப்பைத் திரும்பவும் நடுவர் தலையில் வைத்துவிட்டார்கள். கோல் விஷயத்திலும் தளர்த்தினார்கள்: உதைத்தவன் கையிலேயே பட்டு உள்ளே போனாலோ, அவன் கையில் பட்ட உடனே அவனே அடித்தாலோதான் கோல் இல்லை. கூட ஆடுகிறவன் கையில் தெரியாமல் பட்டு வந்த பந்தை இன்னொருவன் அடித்தால் கோல் செல்லும். எங்கள் பக்கம் இந்த மாற்றம் இன்னும் வந்து சேரவில்லை. கோல் கொடுத்துவிட்டு, விதி மாறிவிட்டது என்று சொன்னால் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

மழை பெய்து ஓய்ந்த மைதானத்தில் நடந்த ஒரு காலிறுதி. செம்மண் குழைந்து கிடந்தது. கோல் வாயில் கூட்டமாக நாலைந்து பேர் எகிற, பந்து யார் மீதோ பட்டு விலகியது. ஊர்க்காரர்கள் வழக்கம்போல "கை!" என்றார்கள். தாக்கிய அணியின் கேப்டன் ஒரு பையனின் மணிக்கட்டைப் பிடித்து என்னிடம் இழுத்துக்கொண்டே வந்தான். புஜத்துக்குக் கொஞ்சம் கீழே, பந்தின் கட்டங்கள் அப்படியே சேற்றில் அச்சாகப் பதிந்திருந்தன. முத்திரை குத்திய மாதிரி. "இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" பட்டதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாதுதான். ஆனால் அந்தப் பையன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டிருந்தான், கை விலாவோடு ஒட்டியிருந்தது, இரண்டடி தூரத்திலிருந்து வந்த பந்து. நான் அச்சைப் பார்க்கும் முன்பே கையைப் பார்த்துவிட்டேன். கார்னர் கொடுத்தேன்.

அந்தச் சேற்று அச்சை 2024 யூரோ கோப்பையில் பந்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பந்தின் நடுவில் ஒரு சென்சார். யார் தொட்டாலும் திரையில் இதயத்துடிப்புக் கோடு போல ஒரு குத்து எழும்பும். ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக பெல்ஜியத்தின் லுக்காக்கு போட்ட கோல் அப்படித்தான் போனது. பந்தைக் கொண்டுவந்த ஓப்பென்டாவின் கையில் உரசியதைக் கோடு காட்டிக்கொடுத்தது. ஜூன் 29 அன்று டார்ட்மண்டில் ஜெர்மனியும் டென்மார்க்கும் ஆடின. டென்மார்க்கின் ஆண்டர்சன் போட்ட கோல் ஆஃப்சைடில் ரத்தானது. அடுத்த சில நிமிடங்களிலேயே தங்கள் கோல் வாயில் அவர் கையிலேயே பந்து உரச, சென்சார் குத்து எழும்ப, மைக்கேல் ஆலிவர் திரையைப் பார்த்துவிட்டு பெனால்டி கொடுத்தார். ஒருவரிக் கதையாகச் சொன்னால் எங்கள் ஊர் மைக் தம்பியே நம்பமாட்டான்.

சரி, இனிமேல் சண்டை தீர்ந்தது என்று பார்த்தால், ஜூலை 5 அன்று ஸ்டுட்கார்ட்டில் அதே ஜெர்மனி ஸ்பெயினோடு கூடுதல் நேரத்தில் 1-1 என்று நிற்கிறது. முசியாலா உதைத்த பந்து குகுரெயா கையில் படுகிறது. உலகமே பார்த்தது. அந்தோனி டெய்லர் ஊதவில்லை. ஸ்பெயின் கடைசியில் 2-1 என்று ஜெயித்தது. கை கீழ்நோக்கி உடம்பை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது என்பது ஒரு பக்கத்து வாதம், அகலமாகத்தான் இருந்தது என்பது இன்னொரு பக்கத்து வாதம். சில மாதம் கழித்து யூ.ஈ.எஃப்.ஏ.வின் நடுவர் குழுவே அது பெனால்டியாக இருந்திருக்க வேண்டும் என்றது. இத்தனைக்கும் பந்து கையில் பட்டதா என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை.

எங்களுக்கு சென்சாரும் கிடையாது, திரையும் கிடையாது. ஐ.எஸ்.எல். ஆட்டங்களிலேயே வீடியோ பார்த்துச் சொல்லும் வி.ஏ.ஆர். இல்லாமல்தான் ஓட்டிவந்தார்கள். செந்துறைப் பக்கத்தில் இருப்பது ஒரு ஜோடிக் கண், ஒரு ஜோடிக் காது, கொஞ்சம் கால் பலம். கால் பலம்தான் முக்கியம். உதைக்கிறவனுக்கு நேர் பின்னால் நின்றால் தடுக்கிறவனின் கை உடம்போடு இருக்கிறதா, முன்னால் நீண்டிருக்கிறதா என்று தெரியவே தெரியாது. பக்கவாட்டில் இருக்கவேண்டும். அதற்கு உதை விழும் முன்பே அந்த இடத்துக்கு ஓடியிருக்கவேண்டும். பந்து காற்றில் வரும்போது ஜனம் பந்தைப் பார்க்கும். நடுவன் அந்த நேரத்தில் கண்ணைப் பந்திலிருந்து பிடுங்கி, தடுக்கப்போகிறவனின் தோளிலிருந்து முழங்கை வரை கொண்டுபோய் வைக்கவேண்டும். பழக ரொம்ப நாள் ஆகும். கண் பந்துக்கே ஓடும்.

காதும் உதவும். தொடையில் பட்டால் தடித்த சத்தம், முன்கையில் பட்டால் சுள்ளென்று அறைந்த சத்தம். ஸ்பீக்கரில் பாட்டு ஓடாத மைதானமாக இருந்தால் இது பெரிய வரம். முகமும் காட்டிக்கொடுக்கும்: கையில் படாதவன் பந்து எங்கே போகிறது என்று பார்ப்பான், பட்டவன் முதலில் என்னைப் பார்ப்பான். இதை வைத்து விசில் ஊத மாட்டேன். ஆனால் ஊதிய பிறகு மனசுக்கு ஒரு தெம்பு.

நிற்கும் இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1986 உலகக் கோப்பைக் காலிறுதியை விட வேறு சான்று வேண்டாம். ஜூன் 22, மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானம். அர்ஜென்டினாவின் மரடோனா 165 செ.மீ. உயரம். எதிரே கையைத் தூக்கி வரும் இங்கிலாந்து கோல்கீப்பர், ஆறடி ஷில்டன். மரடோனா கையால் பந்தைக் கோலுக்குள் தட்டினார். துனீசிய நடுவர் அலி பென்னசூர் பின்னால் இருந்தார். கை தலைக்கு மறைவில் இருந்தது. பல்கேரிய லைன்ஸ்மேன் டோச்செவ் கொடி உயர்த்துகிறாரா என்று பார்த்தார். உயரவில்லை. கோல் கொடுத்தார். இன்றைக்கும் அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன். தனக்குத் தெரியாததை, தெரியக்கூடிய இடத்தில் இருந்த சகாவிடம் கேட்டார், அதைத்தான் எவரும் செய்யமுடியும். அந்த ஆட்டத்தின் பந்து பென்னசூரிடமே இருந்தது, 2022-ல் ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்குப் போனது. எனக்கு ஒரு டோர்னமென்ட்டில் பெட்ரோல் காசு தருவதற்குள் கமிட்டிக்காரர்கள் இரண்டு முறை கணக்குப் பார்ப்பார்கள்.

கொடி பிடிப்பவரை நம்மூரில் யாரும் மதிப்பதில்லை. செவன்ஸில் கோட்டுப் பக்கம் நிற்க ஏதாவது ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பிடித்து விட்டுவிடுவார்கள். 2002 உலகக் கோப்பையில் இந்தியாவிலிருந்து போன ஒரே நடுவர் நம் தமிழ்நாட்டு கோமளீஸ்வரன் சங்கர், கொடி பிடித்த உதவி நடுவராகத்தான் போனார். இதைச் சொன்னால்தான் பையன்கள் கொஞ்சம் நிமிர்ந்து நின்று கொடியைப் பிடிக்கிறார்கள்.

கை எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலும் தகராறு உண்டு. கையைத் தொங்கவிட்டால் அக்குளின் அடிப்பகுதி எந்த மட்டத்தில் வருகிறதோ, அதற்குக் கீழேதான் ஹேண்ட்பால் கணக்கு. மேலே தோள், அதால் ஆடலாம். சட்டைக் கை முடிகிற இடம்தான் எல்லை என்று சிலர் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பையன்கள் மெஸ்ஸி பெயர் போட்ட ஜெர்சியை வளர்ந்துவிடுவான் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவார்கள். சட்டைக் கை முழங்கைக்கே வந்துவிடும். கபடி அணியோ கை இல்லாத பனியனோடு இறங்கும். சட்டையைப் பார்த்தால் ஒருவனுக்கு முழங்கை வரை தோள், இன்னொருவனுக்குத் தோளே கை.

பெண் பிள்ளைகள் ஆட்டத்தில் வேறு ஒரு பழக்கம் இருந்தது. மார்பைக் காத்துக்கொள்ளக் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டால் நடுவர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். விதியில் அப்படித் தனிச் சலுகை எதுவும் இல்லை. தேவையும் இல்லை என்பேன். கை மார்போடு ஒட்டியிருந்தால் உடம்பு அகலமாகவில்லை, பந்து பட்டாலும் குற்றமில்லை, ஆணோ பெண்ணோ. ஒட்டிய கையை விலக்கிப் பந்தை முன்னால் தள்ளினால் ஊதவேண்டியதுதான். திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம் பெற்றபோது எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் படத்தைக் காட்டினேன். "அவங்களும் கைக்கு ஊதுவாங்களா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கோல்கீப்பர். கவலை வேறு மாதிரி.

இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்ததும் யாராவது செல்போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சார், ஸ்லோவா பாருங்க சார்." மெதுவாக ஓட்டினால் எல்லாக் கையும் வேண்டுமென்றே போகிற மாதிரிதான் தெரியும். ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.3 விநாடியில் வந்துவிடும். கண் பார்த்து மூளைக்குச் சொல்லி உடம்பு அசையத் தொடங்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதை பத்து விநாடியாக இழுத்துக் காட்டினால் அவனுக்கு யோசிக்கப் பொழுது இருந்தது போலத் தோன்றிவிடுகிறது. வி.ஏ.ஆர். நடைமுறையிலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள்: பட்ட இடம் எது என்று பார்க்க மெதுவாக ஓட்டலாம், குற்றமா என்று முடிவெடுக்க நிஜ வேகத்தில்தான் பார்க்கவேண்டும். செவன்ஸில் மைதானம் சிறிது, எல்லா உதையும் கிட்டத்திலிருந்துதான் வருகிறது. அதனால் நான் இன்னும் தாராளமாக விட்டுவிடுவேன் என்று ஒரு பேர் எனக்கு. இருக்கட்டும்.

தாராளம் காட்ட முடியாத இடம் கோல் கோடு. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவின் கடைசி நிமிட கோலை உருகுவேயின் சுவாரெஸ் கோட்டில் நின்று கையால் தட்டினார். சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா ஜியான் உதைத்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுப் போனது, உருகுவே பெனால்டி ஷூட் அவுட்டில் ஜெயித்தது. எங்கள் பையன்களிடம் சுவாரெஸ் தியாகியா திருடனா என்று கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். விதிக்கு அதில் கவலையில்லை. வேண்டுமென்றே கையால் கோலைத் தடுத்தால் வெளியே போ, அவ்வளவுதான். 2024-ல் ஒரு சலுகை வந்தது: வேண்டுமென்று இல்லாமல், கை அகன்றிருந்ததால் கோல் தடுக்கப்பட்டு பெனால்டி கொடுக்கப்பட்டால் மஞ்சள் போதும். நல்ல மாற்றம். முன்பு ஒரே கைக்கு பெனால்டியும் கொடுத்து, ஒரு சின்னப் பையனை அழ அழ வெளியேயும் அனுப்பவேண்டியிருந்தது.

தரையில் ஊன்றிய கை விஷயத்தில்தான் எனக்கும் பெரம்பலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவருக்கும் தீராத வழக்கு. அவரும் உடற்கல்வி ஆசிரியர்தான், என்னைவிட மூத்தவர். 2022 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராக உருகுவேயின் ஹிமெனெஸ் சறுக்கி விழும்போது பின்னால் ஊன்றப்போன கையில் பந்து பட்டது. ஈரானிய நடுவர் ஃபகானி திரையைப் பார்த்து பெனால்டி கொடுத்தார், புரூனோ ஃபெர்னான்டஸ் அடித்து 2-0. விழுகிறவன் கையை ஊன்றாமல் மூஞ்சியையா ஊன்றுவான் என்பது என் கட்சி. ஊன்றிய கை குற்றமில்லை என்ற வரியை 2021-ல் எடுத்துவிட்டார்கள் அல்லவா, அப்புறம் என்ன என்பது அண்ணன் கட்சி. வரியை எடுத்தாலும் அந்த அசைவுக்குக் கை அங்கே இருக்கவேண்டிய நியாயம் போய்விடாதே என்பேன். "அப்போ ஒவ்வொரு பேக்கும் சறுக்கிக்கிட்டே கைய நீட்டுவான், நீ பாத்துக்கிட்டு நில்லு" என்பார்.

போன கோடையில் ஒரு செவன்ஸ் ஃபைனலில் அதே மாதிரி அச்சு அசலாக ஒன்று நடந்தது. நான் விசில், அவர் கோட்டுப் பக்கம். நான் ஊதவில்லை. அவர் கொடி படபடவென்று அடித்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"கை எங்கண்ணே இருந்துச்சு?"

"தரைக்கு அரையடி மேல. இன்னும் ஊணல."

"ஊணத்தான போச்சு?"

"போச்சு."

ஆட்டத்தை டிராப் பாலில் தொடங்கி வைத்தேன். பரிசளிப்பு முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது, அரையடி என்பது ஊன்றியதா ஊன்றாததா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். வருகிற டோர்னமென்ட்டுக்கு அவர்தான் விசில், கொடி எனக்கு.